பேரேடும் தேடல் பொறியும்: போஸ்ட்கிரெஸோடு எலாஸ்டிக்சர்ச்சைச் சேர்ப்பதற்கு முழுமையான வழிகாட்டி

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் ஓர் ஆச்சிக்கு நான் கணினி வேலை பார்த்துக் கொடுக்கிறேன். கடையிலும் கிடங்கிலுமாக 30,000-க்கு மேல் உருப்படிகள் இருக்கின்றன. மரவை, மங்குச் சாமான், ஜாடி, அண்டா, நிலைக்கதவு, கொட்டான், ரவி வர்மா அச்சுப்படம் என்று எல்லாம் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஒழுங்காகப் பதிவாகியிருந்தன.

ஒருநாள் கோலாலம்பூரிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். தன் ஐயா காலத்தில் வீட்டை விட்டுப் போன பித்தளை அண்டா ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். விளிம்பில் 'மு.சித.ராம.' என்று விலாசம் பொறித்திருக்கும் என்றார். நகரத்தார் வீட்டுப் பாத்திரங்களில் இப்படிக் குடும்ப முன்னெழுத்துகளைப் பொறித்து வைப்பது பழைய வழக்கம். நான் 'மு சித ராம' என்று தட்டிப் பார்த்தேன், எதுவும் வரவில்லை. இல்லை என்று சொல்லிவிட்டேன். சில வாரம் கழித்து வேறொன்றை எடுக்கக் கிடங்குக்குப் போனபோது அந்த அண்டா அங்கேயே இருந்தது. பதிவும் இருந்தது, ஆனால் எழுத்துகளுக்கு நடுவே புள்ளி வைத்து எழுதப்பட்டிருந்தது.

"எழுதி வச்சது கேட்டா வரலைன்னா, எழுதுனதுக்கு என்ன பலன் தம்பி?" என்று ஆச்சி கேட்டார்கள். அந்தக் கேள்விக்காகக் கட்டிய அமைப்பைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

இது உங்களுக்குத் தேவைதானா?

முதலில் இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். போஸ்ட்கிரெஸுக்குள்ளேயே முழு உரைத் தேடல் இருக்கிறது. 2019-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து தமிழ்ச் சொற்களின் விகுதியை வெட்டும் ஸ்னோபால் அகராதியும் அதோடு வருகிறது. சில ஆயிரம் உருப்படிகள், தேடுகிறவர்கள் கடைக்காரர்கள் மட்டும் என்றால் அதுவே போதும். இன்னொரு சர்வரை வாங்கி அதைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

எங்களுக்கு அது பற்றவில்லை. ஒரே பொருளுக்கு மூன்று பெயர் வழங்குகிறது. வெளிநாட்டிலிருந்து தேடுகிறவர்கள் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுகிறார்கள், எழுத்துப்பிழையும் சேர்ந்து வருகிறது. முடிவுகளின் பக்கத்தில் தேக்கு எத்தனை, பித்தளை எத்தனை என்று எண்ணிக்கையும் வேண்டும். போஸ்ட்கிரெஸில் இவற்றைச் செய்யவே முடியாது என்பதில்லை, ஆனால் ஒவ்வொன்றையும் நாமே கட்ட வேண்டும். எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் பொறியில் இவை தயாராக இருக்கின்றன. அது 2010-இல் வந்தது. அதன் அடித்தளம் டக் கட்டிங் எழுதிய லூசீன் என்ற தேடல் நிரல்தொகுப்பு. 2021-இல் அதிலிருந்து பிரிந்த ஓப்பன்சர்ச்சிலும் கீழே சொல்வதெல்லாம் பெரும்பாலும் அப்படியே பொருந்தும்.

பேரேடு ஒன்றுதான்

பழைய நகரத்தார் கணக்கு முறையில் அன்றன்று நடப்பது சிட்டாவில் ஏறும், அதிலிருந்து பேரேட்டுக்குப் போகும், கடைசியில் ஐந்தொகை போட்டு எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். இந்த அமைப்பை ஆச்சிக்கு விளக்கியபோது இந்தச் சொற்களே கைகொடுத்தன. அதனால் அட்டவணைகளுக்கும் இதே பெயர்களை வைத்துவிட்டேன்.

போஸ்ட்கிரெஸ்தான் பேரேடு. விலை, இருப்பு, யாரிடம் வாங்கியது, யாருக்கு விற்றது எல்லாவற்றுக்கும் அது சொல்வதே கணக்கு. எலாஸ்டிக்சர்ச் பேரேட்டைப் படித்து வைத்துக்கொண்டு 'நீங்கள் கேட்டது இந்தப் பக்கத்தில்' என்று விரல் காட்டும் ஆள். அதில் இருப்பதெல்லாம் நகல். இன்று இரவு அதை முழுவதும் அழித்தாலும் நாளைக் காலைக்குள் பேரேட்டிலிருந்து திரும்பக் கட்ட முடிய வேண்டும். தேடல் பொறியில் மட்டும் இருக்கிற தகவல் ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஒரு புலத்தை (விலை, ஊர் போன்ற ஒரு தகவல் கட்டத்தை) எங்கே வைப்பது என்று குழப்பம் வரும்போதெல்லாம் இந்த விதியைத்தான் திரும்பிப் பார்க்கிறேன்.

முதல் படி: சிட்டா

எல்லோரும் முதலில் செய்வது, நிரலிலேயே தரவுத்தளத்தில் எழுதிவிட்டு அடுத்த வரியில் தேடல் பொறிக்கும் அனுப்புவது. இது சில நாள் நன்றாக ஓடும். பிறகு ஒருநாள் முதல் பதிவு நடந்து இரண்டாவது நடக்காமல் போகும். அல்லது பொறிக்கு அனுப்பிய பிறகு, பல மாற்றங்களை ஒன்றாகக் கட்டி எல்லாம் நிற்கும் அல்லது எல்லாம் போகும்படி வைக்கும் டிரான்சாக்‌ஷன் ரத்தாகும், பேரேட்டில் இல்லாத பொருள் தேடலில் தெரியும். இரண்டையும் ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் கட்ட வழியில்லை.

ஆகவே 'சிட்டா' என்று ஓர் அட்டவணை வையுங்கள். வரிசை எண், உருப்படி எண், நேரம் ஆகிய மூன்று புலம் போதும். உருப்படி அட்டவணையில் எது மாறினாலும் ஒரு டிரிகர் (மாற்றம் நடந்ததும் தரவுத்தளமே ஓட்டும் சிறு நிரல்) சிட்டாவில் ஒரு வரி சேர்க்கும். இரண்டும் ஒரே டிரான்சாக்‌ஷனில் நடப்பதால் இரண்டும் நிற்கும், அல்லது இரண்டும் போகும். படங்கள், மாற்றுப் பெயர்கள், ஊர் போன்ற துணை அட்டவணைகளுக்கும் இதே டிரிகர் வேண்டும். 'பள்ளத்தூர்' என்ற ஊர்ப்பெயரில் ஒரு பிழையைத் திருத்தினால் அந்த ஊரிலிருந்து வந்த எல்லா உருப்படிகளும் சிட்டாவில் ஏற வேண்டும். இதை மறந்தால் பழைய பெயர் தேடலில் மாதக்கணக்கில் தங்கிவிடும்.

சிட்டாவில் விவரம் எதையும் எழுத வேண்டாம். 'இந்த உருப்படி மாறியிருக்கிறது, போய்ப் பார்' என்ற அளவு போதும். அனுப்பும் நேரத்தில் பேரேட்டில் என்ன இருக்கிறதோ அதையே படித்து அனுப்பினால், ஒரே பொருள் பத்து முறை மாறியிருந்தாலும் போய்ச் சேர்வது கடைசி நிலைதான்.

இரண்டாம் படி: சிட்டாவைப் படிக்கும் வேலையாள்

பின்னணியில் ஒரு சிறு நிரல் ஓடிக்கொண்டே இருக்கும். அது சிட்டாவில் 200 வரிகளைப் பூட்டி எடுக்கும், ஒரே எண் திரும்ப வந்தால் ஒன்றாக்கும், அந்த உருப்படிகளைப் பேரேட்டில் படிக்கும், எலாஸ்டிக்சர்ச்சுக்கு மொத்தமாக அனுப்பும், சேர்ந்த பிறகு அந்த 200 வரிகளை அழித்து டிரான்சாக்‌ஷனை முடிக்கும். பூட்டுவதற்கு 'ஃபார் அப்டேட் ஸ்கிப் லாக்டு' என்ற வசதி போஸ்ட்கிரெஸ் 9.5-இலிருந்தே இருக்கிறது. ஒருவர் பூட்டிய வரியை இன்னொருவர் தாண்டிப் போவார். நடுவில் மின்சாரம் போனால் வரிகள் அழியாமல் இருக்கும், திரும்ப அனுப்பப்படும். இரண்டு முறை அனுப்புவதால் கெடுதல் இல்லை.

இங்கே மூன்று பள்ளங்கள் இருக்கின்றன. மூன்றிலும் ஆட்கள் விழுவதைப் பார்த்திருக்கிறேன்.

முதலாவது, 'கடைசியாகப் படித்த எண் 5,000. இனி அதற்கு மேலே உள்ளதைப் படிப்பேன்' என்று குறித்து வைத்துக்கொள்வது. வரிசை எண் கிடைக்கும் நேரமும் டிரான்சாக்‌ஷன் முடியும் நேரமும் ஒன்றல்ல. கடையில் ஒருவர் 5,001-ஐ வாங்கிக்கொண்டு படம் ஏற்றிக்கொண்டிருப்பார். கிடங்கில் இன்னொருவர் 5,002-ஐ வாங்கி உடனே முடித்துவிடுவார். வேலையாள் 5,002-ஐப் பார்த்துவிட்டுக் குறியை நகர்த்துவார், அப்புறம் 5,001 முடியும்போது அதைப் பார்க்க யாரும் இல்லை. 'கடைசியாக மாறிய நேரம்' என்ற புலத்தை வைத்துத் தேடி எடுப்பதிலும் இதே ஓட்டை உண்டு, போதாததற்கு அழிக்கப்பட்ட வரிகள் அதில் தெரியவே தெரியாது. முடித்த வரியை அழிப்பதுதான் பாதுகாப்பு.

இரண்டாவது, மொத்தமாக அனுப்பும்போது பொறி 200 என்று வெற்றிக் குறியீடு தந்தாலும் உள்ளே சில ஆவணங்கள் தோற்றிருக்கலாம். பதிலில் ஒவ்வோர் உருப்படிக்கும் தனித்தனி நிலை இருக்கிறது. அதைப் படித்து, தோற்றவற்றின் வரிகளை மட்டும் சிட்டாவிலேயே விட்டுவையுங்கள்.

மூன்றாவது, வேலையாட்கள் இருவர் ஓடினால் பழைய நிலை புதிய நிலையின் மேல் ஏறிவிடலாம். இதற்கு உருப்படி அட்டவணையில் 'பதிப்பு' என்று ஓர் எண் வையுங்கள். உருப்படியோ அதன் துணை அட்டவணையோ மாறும்போதெல்லாம் டிரிகர் அதை ஒன்று கூட்டட்டும். எலாஸ்டிக்சர்ச்சில் வெளிப்பதிப்பு முறை என்று ஒன்று உண்டு. நாம் தரும் எண் தன்னிடம் உள்ளதைவிடப் பெரிதாக இருந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளும், இல்லையென்றால் 409 என்று திருப்பிவிடும். அந்த 409-ஐப் பிழையாக எடுக்காதீர்கள். புதியது ஏற்கெனவே சேர்ந்துவிட்டது என்று பொருள்.

அழிப்பதில் மட்டும் கவனம் வேண்டும். பொறியில் அழித்த ஆவணத்தின் பதிப்பு எண்ணை அது இயல்பாக 60 வினாடிதான் நினைவில் வைத்திருக்கும். அதற்குப் பிறகு தாமதமாக ஒரு பழைய நகல் வந்தால் ஏற்றுக்கொண்டுவிடும். நான் எதையும் அழிப்பதில்லை. 'நீக்கப்பட்டது' என்று நிலையை மாற்றுகிறேன். கணக்குக்கும் அதுதான் நல்லது.

மூன்றாம் படி: ஆவணத்தின் வடிவம்

பேரேட்டில் ஏழெட்டு அட்டவணையில் பிரிந்திருப்பதை இங்கே ஒரே ஆவணமாகச் சேர்த்துவிடுங்கள். பெயர், மாற்றுப் பெயர்கள், விவரம், விலாசம், ஊர், மரம் அல்லது உலோகம், நிலை, விலை ஆகியவை போதும். தேடவோ வடிகட்டவோ வரிசைப்படுத்தவோ பயன்படாத எதையும் அனுப்பாதீர்கள். வாங்கிய விலை, விற்றவர் பெயர், தொலைபேசி எண் பொறிக்குப் போகவே கூடாது. புலங்களின் வகையை முன்கூட்டியே அறிவித்து, தெரியாத புலம் வந்தால் மறுக்கும்படி அமையுங்கள். பொறி தானாக ஊகிக்க விட்டால் பின்னால் திருத்த முடியாது, மறுபடி கட்டத்தான் வேண்டும்.

நான்காம் படி: தமிழைத் தமிழாக நடத்துவது

உழைப்பில் பெரும்பங்கை இங்கேதான் போட வேண்டும். மேலே சொன்ன குழாய்வேலை எந்த மொழிக்கும் பொதுவானது. நம் தேடல் பலிப்பதும் பலிக்காததும் இந்தப் படியில்தான் தீர்மானமாகிறது.

'கொட்டான்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் அது 8 குறியீடு. ஆனால் 'கொ'வை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பு ஒன்று, துணைக்கால் ஒன்று என்று பிரித்தும் வைக்கலாம். இரண்டாவது வகையில் அதே சொல் 9 குறியீடாகிவிடும். திரையில் வித்தியாசமே தெரியாது. பொறிக்கு மட்டும் இரண்டும் வெவ்வேறு சொல். ஆகவே சேமிக்கும்போதும் தேடும்போதும் பிரிந்த குறியீடுகளை ஒன்றாக்கும் என்எஃப்சி என்ற இயல்பாக்கத்தைக் கட்டாயம் செய்யுங்கள். எலாஸ்டிக்சர்ச்சுக்கான ஐசியூ என்ற யூனிகோட் செருகு நிரலில் அதற்கு வடிகட்டி இருக்கிறது. அந்தச் செருகு நிரலில் எழுத்தின் மேலும் கீழும் உள்ள குறிகளை நீக்கும் வடிகட்டியும் இருக்கிறது. ஐரோப்பிய மொழிகளுக்கு அது உதவும், தமிழுக்கு வேண்டாம். நம் புள்ளியை எடுத்தால் சொல்லே மாறிவிடும்.

என்எஃப்சி தீர்க்காத இரண்டு உண்டு. ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் 'ள'வும் போட்டுத் தட்டுகிறவர்கள் நிறைய. 'ஸ்ரீ' என்பதும் அடியில் இரண்டு வகையான குறியீட்டு வரிசையில் வருகிறது. இவற்றை ஒரு மாற்றுப் பட்டியல் போட்டு நேராக்கிவிடலாம். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டிய பழைய பட்டியல் உங்களிடம் இருந்தால், அதைப் பேரேட்டில் ஏற்றும் முன்பே மாற்றிவிடுங்கள். பொறியில் வந்த பிறகு சரிசெய்ய நினைக்காதீர்கள்.

இனி விலாசம். வழக்கமான சொல்பிரிப்பான் இரண்டு எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியில்லாமல் வரும் முற்றுப்புள்ளியைப் பிரிக்காது. அதனால் 'மு.சித.ராம' ஒரே சொல்லாக நிற்கும். 'மு சித ராம' என்று தேடினால் மூன்று சொல்லாகும். இரண்டும் சந்திக்கவே சந்திக்காது. பழைய தேடலில் அந்த அண்டாவைத் தவறவிட்டதும் இதே புள்ளியால்தான். விலாசத்துக்குத் தனிப் புலம் வையுங்கள். அதில் புள்ளியையும் இடைவெளியையும் நீக்கி 'முசிதராம' என்று ஒரு வடிவமும், புள்ளியில் வெட்டி மூன்று துண்டுகளாக ஒரு வடிவமும் சேமியுங்கள். முதலாவது முழுதாகப் பொருந்தினால் அதிக மதிப்பெண். பாத்திரத்தில் ஓரெழுத்து தேய்ந்திருந்தால் இரண்டாவது கைகொடுக்கும்.

அடுத்தது ஒற்று. 'நிலைக் கதவு' என்று ஒருவர் எழுதுவார், 'நிலை கதவு' என்று இன்னொருவர் தட்டுவார், பட்டியலில் 'நிலைக்கதவு' என்று சேர்ந்திருக்கும். முதல் இரண்டையும் ஒன்றாக்குவது எளிது. தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடிவதில்லை. ஆகவே சொல்லின் கடைசியில் க், ச், த், ப் நின்றால் வெட்டிவிடலாம். 'பெயிண்ட்' போன்ற கடன்சொற்கள் இந்த நான்கில் முடிவதில்லை. 'மார்க்' போன்ற சிலதுக்கு விதிவிலக்குப் பட்டியல் வையுங்கள். மூன்றாவது வடிவத்துக்குச் சொல்பிரிப்பு அகராதி வேண்டும். கதவு, பெட்டி, விளக்கு, படம், தட்டு என்று நம் தொழிலில் பின்னால் ஒட்டும் சொற்கள் குறைவுதான். அவற்றை மட்டும் எழுதிக் கொடுத்தாலே வெற்றிலைப்பெட்டியும் குத்துவிளக்கும் பிரிந்துவிடும்.

விகுதிக்கு வருவோம். 'மரவையில்', 'மரவைகளை' எல்லாம் 'மரவை'யில் வந்து சேர வேண்டும். ஸ்னோபாலின் தமிழ் வெட்டி பைத்தானிலும் கிடைக்கிறது. வேலையாள் அதில் வெட்டித் தனிப் புலத்தில் அனுப்பட்டும், தேடும் சொல்லும் அதே வெட்டி வழியாகவே போகட்டும். ஆனால் வெட்டாத வடிவத்தைத் தூக்கிப் போடாதீர்கள். 'மங்கு' என்றால் எங்கள் பக்கம் பீங்கான். விவரத்தில் 'சாயம் மங்கிய', 'நிறம் மங்கியுள்ளது' என்று நூற்றுக்கணக்கான இடத்தில் வரும். வெட்டிய வடிவத்தை மட்டும் நம்பினால் மங்குச் சாமான் கேட்டவருக்கு வெளுத்த கதவெல்லாம் வந்து நிற்கும். இரண்டு புலத்திலும் தேடி, வெட்டாத புலத்துக்கு மூன்று மடங்கு எடை கொடுங்கள்.

ஒத்த சொற்களை, அதாவது மங்கு, பீங்கான்; பூக்கல், ஆத்தங்குடிக் கல்; வெத்தலைப்பெட்டி, வெற்றிலைப்பெட்டி போன்றவற்றைச் சேமிக்கும் நேரத்தில் விரிக்காமல் தேடும் நேரத்தில் விரியுங்கள். அப்போது புதிய சொல் ஒன்று கிடைத்தால் பட்டியலில் சேர்த்து ஏற்றினால் போதும், இன்டெக்ஸை (பொறி ஆவணங்களைச் சேமித்து வைக்கும் தேடல் அட்டவணையை) மறுபடி கட்ட வேண்டாம். இந்தப் பட்டியலை நிரலாளர் எழுதக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆச்சி சொல்லச் சொல்ல எழுதினேன். நான் தனியாக உட்கார்ந்திருந்தால் பாதிக்கூட வந்திருக்காது.

எழுத்துப்பிழைக்கு இடம் கொடுக்கும் வசதியைத் தமிழுக்கு அப்படியே திறந்துவிடாதீர்கள். எலாஸ்டிக்சர்ச்சின் தானியங்கி முறை 3 முதல் 5 குறியீடுள்ள சொல்லுக்கு ஒரு மாற்றத்தையும், அதற்கு மேல் இரண்டையும் அனுமதிக்கும். அது குறியீடுகளை எண்ணுகிறது, நம் எழுத்துகளை இல்லை. 'ஜாடி' 4 குறியீடு. ஒன்று மாறினால் 'ஜோடி'. ஜாடி கேட்டவருக்கு ஒரு ஜோடி நாற்காலி வந்தது. நான் 6 குறியீடு வரை மாற்றத்தையே அனுமதிப்பதில்லை, அதற்கு மேல் ஒன்று மட்டும். முதல் இரண்டு குறியீடுகள் மாறக் கூடாது என்றும் கட்டியிருக்கிறேன். ல, ள, ழ குழப்பத்துக்கும் ர, ற குழப்பத்துக்கும் தனியாக ஒலிப் புலம் ஒன்று வைத்து அதில் இவற்றை ஒன்றாக்கிவிட்டேன். அது பிழைபொறுக்கும் வசதியைவிடப் பல மடங்கு நன்றாக வேலை செய்கிறது. அந்த ஒலிப் புலத்தையே ஆங்கில எழுத்தாக மாற்றி இன்னொரு புலத்திலும் வைத்தால் அப்படித் தட்டுகிறவர்களுக்கும் வழி கிடைத்துவிடும்.

பழைய பெட்டிகளில் தமிழ் எண்கள் இருக்கும். ௧, ௨, ௩ ஆகியவற்றை இலக்க வடிகட்டி 1, 2, 3 ஆக்கிவிடும். ௰, ௱, ௲ மூன்றும் யூனிகோடில் இலக்கமாகக் கருதப்படாததால் அவற்றைத் தொடாது. அவற்றை வேலையாளே எண்ணாக மாற்றி அனுப்ப வேண்டும்.

ஐந்தாம் படி: தேடி வந்ததைப் பேரேட்டோடு சேர்ப்பது

பொறியிடம் உருப்படி எண்களையும் வரிசையையும் மட்டும் கேளுங்கள். அந்த எண்களைப் போஸ்ட்கிரெஸுக்கு ஒரே வினவலாகக் கொடுத்து, விலையையும் இருப்பையும் அங்கிருந்து எடுங்கள். தரவுத்தளம் தன் இஷ்டப்படி வரிசையை மாற்றித் தரும். எண் பட்டியலை 'வித் ஆர்டினாலிட்டி' என்ற, வரிசை எண்ணையும் சேர்த்துத் தரும் வசதியோடு விரித்து இணைத்தால் பொறி தந்த வரிசையே நிற்கும். ஒரு நிமிடம் முன்பு விற்றுப்போன பொருளை இன்னும் இருப்பதாகக் காட்டும் தவறு இதனால் வராது.

விற்றுப்போனதைப் பேரேட்டில் மட்டும் வடிகட்டினால் 20 கேட்ட பக்கத்தில் 11 வரும். ஆகவே நிலையைப் பொறியிலும் வடிகட்டுங்கள், பேரேட்டிலும் ஒருமுறை சரிபாருங்கள்.

புதிதாக எழுதியது பொறியில் தேடலுக்கு வர இயல்பாக ஒரு வினாடி ஆகும். பதிந்தவர் உடனே தேடிப் பார்ப்பார், காணோமே என்று திரும்பப் பதிவார். பதிந்ததும் அந்தப் பொருளின் பக்கத்தை நேராகப் பேரேட்டிலிருந்து திறந்துவிட்டால் போதும், இந்தச் சிக்கல் இல்லை.

ஆறாம் படி: மறுபடி கட்டுவது

சொல்பிரிப்பை மாற்றினால் இன்டெக்ஸை முழுதாகத் திரும்பக் கட்ட வேண்டும். அதனால் நிரல் எப்போதும் 'பொருட்கள்' என்ற மாற்றுப் பெயரையே கூப்பிடட்டும், அடியில் உள்ள இன்டெக்ஸுக்கு 'பொருட்கள்-7' என்று எண் வையுங்கள். புதியது வேண்டுமென்றால் 'பொருட்கள்-8'ஐ உருவாக்கி, வேலையாளை இரண்டிலும் எழுதச் சொல்லிவிட்டு, பேரேட்டை எண் வரிசையில் 1,000 உருப்படிகளாகப் படித்து ஏற்றுங்கள். பதிப்பு எண் இருப்பதால் ஏற்றும் நகல் பழையதாக இருந்தால் தானே ஒதுங்கிவிடும். எழுதியதைத் தேடலுக்குக் கொண்டுவரும் புதுப்பிப்பை (ரெஃப்ரெஷ்) ஏற்றும்வரை புதிய இன்டெக்ஸில் நிறுத்தி வைத்தால் வேகமாக முடியும். முடிந்ததும் மாற்றுப் பெயரை 'பொருட்கள்-8'க்கு நகர்த்துங்கள். அது ஒரே நொடியில் நடக்கும், கடையில் யாருக்கும் தெரியாது. 'பொருட்கள்-7'ஐ ஒரு வாரம் வைத்திருந்து பிறகு அழியுங்கள்.

ஒரே சர்வர் என்றால் பிரதிகளின் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்குங்கள். ஜாவா நினைவகத்துக்கு மொத்த ராமில் பாதிக்கு மேல் தராதீர்கள். பொறி பதில் தரும் 9200 போர்ட்டை வெளியுலகுக்குத் திறக்கவே கூடாது.

ஏழாம் படி: ஐந்தொகை

எவ்வளவு கவனமாகக் கட்டினாலும் இரண்டும் எப்போதாவது விலகும். எங்களுக்கு ஒவ்வோர் இரவும் ஐந்தொகை போடும் ஒரு நிரல் ஓடுகிறது. பேரேட்டிலிருந்து உருப்படி எண்ணையும் பதிப்பையும் வரிசையாகப் படிக்கும், பொறியிலிருந்தும் அதே வரிசையில் படிக்கும். பொறி இயல்பாக 10,000-க்கு மேல் பக்கம் புரட்ட விடாது, அதனால் கடைசி எண்ணைக் கொடுத்து அதற்குப் பின்னால் உள்ளதைக் கேட்கும் முறையைப் பயன்படுத்துங்கள். எங்கே பதிப்பு ஒத்துப்போகவில்லையோ, எது விட்டுப்போயிருக்கிறதோ, அந்த எண்ணைச் சிட்டாவில் எழுதினால் போதும். மற்றதை வேலையாள் பார்த்துக்கொள்வார். பொறியில் மட்டும் இருந்து பேரேட்டில் இல்லாதது வந்தால் அதைத் தானாக அழிக்கவிடாமல் எனக்குச் செய்தி அனுப்பச் சொல்லியிருக்கிறேன், அப்படி ஒன்று வந்தால் எங்கோ யாரோ சிட்டாவைத் தாண்டி எழுதியிருக்கிறார்கள்.

இன்னொரு சோதனையும் அதே நேரத்தில் ஓடுகிறது. கடைக்கு வருகிறவர்கள் எந்தச் சொல்லில் கேட்கிறார்கள் என்று ஆச்சி ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் முதல் ஐந்துக்குள் எந்த உருப்படி வர வேண்டும் என்பதையும் அவர்களே சொன்னார்கள். அவற்றைப் பேரேட்டில் ஓர் அட்டவணையாக வைத்திருக்கிறேன். ஒத்த சொல் சேர்த்தாலும், எடையை மாற்றினாலும், அந்தக் கேள்விகள் எல்லாம் தேறிய பிறகுதான் அதைக் கடையில் நடைமுறைக்கு விடுவேன். நோட்டின் முதல் வரி, புள்ளி இல்லாமல், 'மு சித ராம அண்டா'.